விண்ணரசியின் மூக்கு

கர்ரக்... கர்ரக்... கர்ரக். அவ்வளவுதான் அக்கா. அப்புறம் ஒரு சத்தமும் கிடையாது. ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவேன், மறுபடியும் கர்ரக்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதில் பாப்பு பால் கக்கியிருக்கிறாள். இதில் உட்காருங்கள். உங்கள் பையை அப்படியே கீழே வையுங்கள். தயிர்சாத டப்பா திறந்துகொண்டதா? எத்தனை நாளாயிற்று, நாலா? பூ! நான் பார்த்த பையை நீங்கள் பார்த்திருந்தால் இந்தப் பையை மடியில் வைத்துக் கொஞ்சுவீர்கள். அந்தக் கதையைச் சொல்லாமல் உங்கள் பையைத் தொட்டால் உங்களுக்கு என்மேல் நம்பிக்கை வராது. காபி ஆறட்டும், கேளுங்கள்.

அப்போது இருட்டி எட்டரை மணி இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் பெஸ்கி, தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறார். திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற இடத்தை அப்படித்தான் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாததா. அந்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட். நானும் எட்டு மாதப் பாப்புவும் மட்டும்தான் வீட்டில். சத்தம் எங்கிருந்து வருகிறது? என் நாத்தனாரின் மர அலமாரிக்குள்ளிருந்து! எனக்குப் பயம் கிடையாது அக்கா, கொஞ்சம் ஜாக்கிரதை அதிகம், அவ்வளவுதான். அந்த ஜாக்கிரதையில்தான் பாப்புவைத் தூக்கிக்கொண்டு கொசுவலைக்குள் போய், ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் பூரிக்கட்டை என்று உட்கார்ந்தேன். அவர் பதினொன்றரைக்கு வந்து பார்த்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேனாம்.

"என்ன ஜெசிந்தா, பூரியா இந்நேரத்துக்கு?" என்றார்.

"அலமாரிக்குள்ள யாரோ இருக்காங்க."

அவர் காதை வைத்துக் கேட்டார். "எலி" என்றார். லுங்கியை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர்.

அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வீடு எங்களுடையது இல்லை. அவருடைய அக்கா பெலிசிட்டா மதினி கட்டியது. குவைத்தில் நர்ஸாக இருக்கிறார், ஆளைப் பார்த்தாலே முதுகு தானாக நிமிரும், அப்படி ஒரு பார்வை. கீழ்ப்போர்ஷனில் விண்ணரசி என்று ஒரு பெண்ணும் அவள் புருஷனும் வாடகைக்கு. மாடி எங்களுக்குச் சும்மா. "ஒரு வருஷம் இருங்க. நான் லீவுல வந்து பாக்குறேன். வீட்ட வீடா வச்சிருந்தா அப்புறம் இருக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்தார். அதற்கு முன்னால் மாமியார் வீட்டில் இருந்தோம். ஒரு கூடம், ஒரு கழிப்பறை, ஒன்பது பேர். பாப்பு இருமினால் எட்டுப் பேர் எட்டு வைத்தியம் சொல்வார்கள். இங்கே வந்த பிறகுதான் அக்கா, என் பிள்ளை இருமலை நானே முழுசாகக் கேட்டேன். திரும்பி அங்கே போவது என்று நினைத்தாலே ஜெபமாலையை எடுத்துவிடுவேன்.

அலமாரி மதினியுடையது. சாவியை என்னிடம் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உள்ள ஒரு தோல் பை இருக்கு. இருபது வருஷத்துல எனக்குன்னு நான் வாங்குன ஒரே சாமான். பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். மறுநாளே எலி கேக் வாங்கி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எலி செத்ததற்குக் கேசரி கிண்டிய வீடு இந்த ஊரிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். விண்ணரசிக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாவம், அவளுக்கு அப்போது மூன்று மாதம். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசல் பக்கம் ஓடிவிட்டாள்.

அதற்கு நாலாம் நாள் வாசம் ஆரம்பித்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் கொடைக்கானலில் கான்வென்ட்டில் படித்தவள், சயின்ஸில் முதல் மார்க். எனக்கு இரண்டு நாள் ஆனது. முதலில் பாப்புவின் துணி என்று நினைத்தேன். அப்புறம் சாக்கடை. அப்புறம் மிச்சக் கேசரி. அவரைக் கேட்டால், நின்ற இடத்திலேயே ஒரு மூச்சு இழுத்து, "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார். அவருக்கு எப்படித் தெரியும்? தோல் ஷாப்பில் பதினொரு வருஷம். அங்கே யாருக்கும் மூக்கு கிடையாது அக்கா. தோலைக் கட்டைவிரலால் கிள்ளிப் பார்ப்பார்கள், மடித்துப் பார்ப்பார்கள், கன்னத்தில் தேய்த்துக்கூடப் பார்ப்பார்கள். மோந்து மட்டும் பார்க்கமாட்டார்கள். இந்தத் தெருவே அப்படித்தான். என் மூக்கு வேறு, அது கொடைக்கானல் மூக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் தோல் ஷாப்புக் காற்று அடித்தால் எனக்குத் தலை இடிக்கும். ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. தெருவை நன்றாகச் சுத்தமாக வைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது, இப்போதெல்லாம் வாசமே வருவதில்லை.

ஜலதோஷமா அக்கா? முந்தானையை மூக்கிலேயே வைத்திருக்கிறீர்களே. சுக்குக் காபி போட்டுத் தரவா?

சரி. அலமாரியைத் திறந்தேன். பையை எடுத்தேன். பையின் வாயைத் திறந்தேன். உள்துணி ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. கிழிசலிலிருந்து ஒரு வால் தொங்கியது.

நான் போட்ட சத்தத்தில் பாப்பு கைதட்டிச் சிரித்தாள். அவர் வந்து ஒரு பேப்பரைச் சுருட்டி, தோலுக்கும் துணிக்கும் நடுவிலிருந்து அதை வெளியே எடுத்து, "இத்தனூண்டு இருக்கு, இதுக்கா இந்தக் கூப்பாடு?" என்றார். கையைக் கழுவிவிட்டு, இன்றைக்கு என்ன டிபன் என்று கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் குவைத்திலிருந்து போன். "சனிக்கிழம வர்றேன். வர்ற சனி இல்ல, அதுக்கடுத்த சனி. கணக்குப் போட்டுக்க. வீட்டப் பாத்துட்டுத்தான் மத்ததச் சொல்லுவேன்" என்றார். கணக்குப் போட்டேன். பதினோரு நாள்.

நாற்றமடிக்கிற பையோடு பதினோரு நாள்! எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு மாதிரி குஷியும் வந்துவிட்டது. பரீட்சைக்கு முந்தின நாள் வருமே, அந்தக் குஷி. எங்கள் கெமிஸ்ட்ரி சிஸ்டர் இம்மாக்குலேட் சொல்வார், "நாற்றம் என்பது ஒரு பொருள், பொருள் என்றால் அதை வெளியேற்றலாம்" என்று. வெளியேற்ற வேண்டியதுதானே?

முதலில் வினிகர். தண்ணீர் கலந்து, துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, உள்துணியைத் துடைத்தேன். இதுவரை சரிதான். கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. வினிகர் காய்வதற்கு முன்னால் அரைக் கிண்ணம் சோடா உப்பை உள்ளே கொட்டிவிட்டேன். பை நுரை கக்கியது அக்கா! புஸ்ஸென்று பொங்கி, ஜிப் வழியாக, பாக்கெட் வழியாக! பாப்பு மறுபடியும் கைதட்டினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தோலுக்குத் தண்ணி காட்டாத, வெயிலு காட்டாத. வாயத் தொறந்து நெழல்ல தொங்கவிடு. அது பாட்டுக்கு மூச்சு விடும்" என்றார். பதினோரு வருஷ அனுபவத்தில் அவர் சொன்ன ஒரே வார்த்தை. அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் மூக்கே இல்லாதவர் பேச்சை நாற்ற விஷயத்தில் எப்படிக் கேட்பது?

துணிக்கொடியில் பாப்புவின் துணிகளுக்கு நடுவே ஒரு நாள் தொங்கவிட்டேன். அப்புறம் காபித்தூளைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தேன். அப்புறம் பேப்பரைக் கசக்கி அடைத்தேன். அப்புறம் அடுப்புக்கரி. அப்புறம், பாப்புவுக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுகிற கூடை இருக்கிறதல்லவா, அவள் தலை காய்ந்ததும் அதே கூடையின் மேல் பையைக் கவிழ்த்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை மாதிரிப் புகை.

இப்போது ஒரு சிக்கல். வாசம் போய்விட்டதா இல்லையா? மோந்து மோந்து என் மூக்கு மரத்துவிட்டது. காபி மாதிரியும் இருக்கிறது, கோயில் மாதிரியும் இருக்கிறது, அதற்குக் கீழே ஏதோ ஒன்று இருக்கிற மாதிரியும் இருக்கிறது. அவரைக் கேட்டால், "நல்லா இருக்கு." பால்காரரைக் கேட்டேன், அவரும் முன்னாள் தோல் ஷாப்பு. "நல்லா இருக்கும்மா." எதிர்வீட்டு ஞானப்பூ அத்தையைக் கேட்டேன். மோந்து பார்த்து, "புதுசா?" என்று கேட்டார். இந்தத் தெருவில் நம்பகமான ஒரு மூக்குக்கு நான் எங்கே போவேன்?

அப்போதுதான் கீழே விண்ணரசி வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

மசக்கைக்காரிகளின் மூக்கு! யோசித்துப் பாருங்கள். நாலு வீடு தள்ளி வெங்காயம் வதக்கினால் இங்கே உட்கார்ந்து எந்த எண்ணெய் என்று சொல்வாள். ஆஸ்பத்திரியில்கூட அப்படி ஒரு மெஷின் கிடையாது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே வராந்தாவில் மாடிப்படியிலிருந்து அவள் கட்டில் வரை பதினாலு டைல்ஸ். நான் இரண்டாவது டைல்ஸில் கால் வைத்தேன். அவள் எழுந்து ஓடினாள்.

நோட்டில் எழுதிக்கொண்டேன்: பன்னிரண்டு டைல்ஸ்.

மறுநாள் காபித்தூளை மாற்றி வைத்து எடுத்துப்போனேன். ஒன்பது டைல்ஸ். "அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதக் கொண்டுக்கிட்டு மேல போங்க" என்று கும்பிட்டாள். "ஒரே நிமிஷம் விண்ணரசி, நீ எப்பிடியும் வாந்தி எடுக்கத்தான போற" என்றேன். நியாயம்தானே? சும்மா போகிற வாந்தி ஒரு காரியத்துக்குப் பயன்பட்டால் நல்லதுதானே? தினமும் வெறுங்கையோடு போகவில்லை அக்கா. நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டுபோவேன். அதற்கும் வாந்தி எடுத்தாள், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஏழு. நாலாம் நாள் ஏழுதான். அன்றைக்கு அழுதுவிட்டேன். மாமியார் வீட்டுக் கூடம் கண்முன்னால் வந்து நின்றது. ஐந்தாம் நாள் நாலு! ஆறாம் நாள் ஒரு டைல்ஸ் தூரத்தில் நின்றேன். அவள் ஓடவில்லை. மூக்கை மட்டும் இப்படிச் சுளித்து, ஏதோ யோசிக்கிற மாதிரி பார்த்தாள். ஏழாம் நாள் என்ன நடந்தது தெரியுமா? நான் படியிறங்குவதற்கு முன்னாலேயே கீழேயிருந்து குரல்: "ஜெசிந்தாக்கா, இன்னைக்குப் பைய இன்னும் கொண்டுவரல?"

ஓடினேன். அவளே கையை நீட்டி வாங்கினாள். பைக்குள் முகத்தைப் புதைத்தாள். இழுத்தாள் ஒரு மூச்சு, அடிவயிறு வரைக்கும். நிமிர்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"எப்பிடி இருக்கு?"

"ஆகா" என்றாள். "ஆகா, அக்கா. இப்பத்தான் எனக்கு உசுரே வருது."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வராந்தாவிலேயே சுற்றினேன். சுழியம்! சுழியம் டைல்ஸ்! சிஸ்டர் இம்மாக்குலேட் இருந்திருந்தால் என்னை ஸ்டேஜில் ஏற்றியிருப்பார். அதற்கப்புறம் விண்ணரசி காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தானே மேலே ஏறி வந்து பையை மோந்துவிட்டுப் போவாள். "ஈரச் செவுத்த நக்கணும்போல இருக்குக்கா, சாம்பல அள்ளித் திங்கணும்போல இருக்கு" என்று என்னென்னவோ பேசுவாள். நான் கேட்டுக்கொள்வேன். நல்ல மூக்குக்காரி, எதையாவது பேசிவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை வந்தது. மதினி வந்தார். இரண்டு பெட்டி, தோளில் ஒரு புத்தம்புது வெள்ளைத் தோல் பை. பின்னாலேயே ஞானப்பூ அத்தையும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும், குவைத்து மிட்டாய்க்கு. மதினி பாப்புவைத் தூக்கி எடை பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டிப் பார்த்தார். "பரவால்ல" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"அலமாரி?"

நான் தயாராக வைத்திருந்தேன். பூசையில் காணிக்கை கொண்டுபோவது போல இரண்டு கையாலும் பையை ஏந்திக் கொடுத்தேன். மதினி அதைத் தடவினார். முகம் கனிந்தது. ஜிப்பை இழுத்தார். ஆசையோடு முகத்தை உள்ளே கொண்டுபோனார்.

அக்கா, அந்தக் காட்சியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். மதினிக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தட்டுத்தடுமாறிப் போய் ஜன்னல் இரண்டையும் திறந்து, வெளியே தலையை நீட்டி நின்றார். அவ்வளவு உணர்ச்சி! இருபது வருஷத்துச் சாமான் இல்லையா.

"ஜெசிந்தா" என்றார், திரும்பாமலேயே. "இதுக்குள்ள என்னடி பண்ணுன?"

கான்வென்ட்டில் எங்களுக்குப் பொய் சொல்லப் பழக்கவில்லை. எலி, எலி கேக், வால், வினிகர், நுரை, காபி, கரி, சாம்பிராணி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "இப்பச் சுத்தமாப் போயிருச்சு மதினி, சோதிச்சுப் பாத்துட்டேன்" என்றும் சொன்னேன். மதினி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"உன்ன நம்பி வீட்டக் குடுத்தேன். ஒண்ணே ஒண்ணுதான் பாத்துக்கச் சொன்னேன். இனிமே இந்த வீட்டுல..."

பாப்புவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமியார் வீட்டில் எந்த மூலையில் தொட்டில் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன், அவ்வளவு வேகமாக ஓடியது மனசு.

அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க மாடியேறி வந்தாள் விண்ணரசி. காலையிலிருந்து கூட்டமாக இருந்ததால் அன்றைக்கு அவள் இன்னும் மோந்து பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. நேராக மதினியிடம் போனாள், கையிலிருந்த பையை வாங்கினாள், முகத்தைப் புதைத்தாள்.

"ஆங்ங்..." தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறவள் மாதிரி ஒரு சத்தம்.

மதினி அவளையே பார்த்தார். நர்ஸ் இல்லையா, பார்வை மாறிவிட்டது. "எத்தன மாசம்மா?"

"நாலு பொறக்குது மதினி."

"சோறு எறங்குதா?"

"முன்ன எறங்கல. இப்ப இத ஒரு இழுப்பு இழுத்துட்டு உக்காந்தா ரெண்டு தட்டு எறங்குது."

"வேற என்ன வாசமெல்லாம் புடிக்குது?"

"பெட்ரோலு. ஈரச் செவுரு. தோல் ஷாப்பு வாய்க்கா." விண்ணரசி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா இதுக்குக் கிட்ட எதுவும் வராது."

மதினி என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வாயோரம் துடித்தது. ஏனென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஞானப்பூ அத்தைதான் தொண்டையைக் கனைத்தார். "மாசமா இருக்கறவ ஆசப்பட்டுட்டா பெலிசிட்டா. இல்லைன்னு சொன்னா பொறக்குற பிள்ளைக்குக் காது வடியும்."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. மாசமாக இருப்பவள் கேட்டால் வாயில் வைத்ததைக்கூட எடுத்துக் கொடுத்துவிடவேண்டும். மதினி எட்டிக் கையை நீட்டினார். பையின் கைப்பிடியை ஒரே ஒரு தடவை விரலால் நீவிவிட்டார்.

"எடுத்துக்கம்மா" என்றார். "நீயே வச்சுக்க. பிரசவம் வரைக்கும் இல்ல, ஒனக்கேதான். கீழ, ஒன் ரூம்புல வச்சுக்க. மேல மட்டும் கொண்டு வராத."

விண்ணரசி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினாள். தெருப் பெண்கள் மிட்டாயை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். அப்புறம் மதினிக்கு என்ன ஆயிற்றோ, தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"மதினி... இனிமே இந்த வீட்டுலன்னு ஏதோ சொல்ல வந்தீங்க."

"என்னத்தச் சொல்ல!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு புள்ளத்தாச்சிக்குச் சோறு எறங்க வச்சிருக்க. ஒன்ன எங்கிட்டுப் போகச் சொல்றது? அந்த அலமாரிச் சாவிய மட்டும் எங்கிட்டக் குடுத்துரு."

பார்த்தீர்களா அக்கா? பை சுத்தமாக இருந்ததால்தானே இன்னொருத்திக்குக் கொடுக்க மனசு வந்தது! அழுக்குச் சாமானை யாராவது மாசமானவளுக்குக் கொடுப்பார்களா? உங்கள் பையையும் அப்படியே செய்து தருகிறேன். விண்ணரசிக்கு இப்போது ஏழு மாதம், மூக்கு இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

இருங்கள், எங்கே எழுந்துவிட்டீர்கள்? கதை இன்னும் முடியவில்லை. சாவியை மதினி கையில் வைத்தேனா, மாடிப்படியில் மறுபடியும் காலடிச் சத்தம். மெதுவாக, ஒவ்வொரு படியாக. விண்ணரசியின் குரல்: "மதினி... தோள்ல ஒரு வெள்ளப் பை போட்டிருந்தீங்கள்ல? அதுவும் தோலா?"

மதினி அந்தப் பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு துள்ளி எழுந்தார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததே இல்லை.

"பாத்துக்கிட்டு நிக்கிற? போடுடி தாழ்ப்பாள!"

"நானா மதினி?"

"பின்ன நானா? ஒன் வீட்டுக் கதவுதான?"

காலடி கடைசிப் படிக்கு வந்துவிட்டது. நான் ஓடினேன். பாப்பு என் இடுப்பில் குதித்துக் குதித்துச் சிரித்தாள். கதவைச் சாத்தி, முட்டியால் அழுத்தி, என் கையாலேயே தாழ்ப்பாளைப் போட்டேன்.